முள் வலப்பக்கம் காட்டினால், யாருடைய வலப்பக்கம்?

சேர்வராயன் மலையில் ஜனவரி மாதக் காலைகள் எப்படி இருக்கும் என்று இங்கே பணிபுரியும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று செம்மநத்தத்தில் பத்து மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை. வகுப்பறை சன்னலுக்கு வெளியே இருக்கும் சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. காப்பித் தோட்டத்து வழியாக வரும் பிள்ளைகளின் குரல் முதலில் கேட்டது. பிறகுதான் உருவம் தெரிந்தது.

எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே எங்கோ ஒரு விமானத்தின் இரைச்சல். ஒரு மாணவி கேட்டாள்.

"டீச்சர், மேல பிளேன் போவுது. நமக்கு எதிர்ல இருக்கிற மரமே தெரியல. பைலட்டுக்கு மட்டும் எப்படி டீச்சர் தரை தெரியும்? எப்படி எறக்குவாரு?"

நல்ல கேள்வி. அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஓடுபாதையிலிருந்து வானொலி அலைகள் வரும், விமானத்தில் இருக்கும் முள் அதைப் பார்த்து இடது, வலது, மேல், கீழ் என்று வழி காட்டும், விமானி அந்த முள்ளைப் பின்பற்றி இறங்குவார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அதிகம் பேசாத பையன். 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறான்.

"டீச்சர், அதுல பிளேன் தலைகீழாப் போச்சு. தலைகீழாப் போறப்போ அந்த முள்ளு எந்தப் பக்கம் காட்டும்?"

"எப்படிப் போனாலும் முள் சரியாத்தான் காட்டும். அது காட்டுற பக்கம் போனா போதும்" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் நோட்டை மேசையில் அரைச்சுற்று திருப்பினான், பார்த்தான், மறுபடி நேராக வைத்துக்கொண்டான். நான் பாடத்துக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை வீட்டில் ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தேன். நான் சொன்ன பதில் தவறு. அந்தப் பதிலை நம்பி ஒரு விமானி பறந்தால், ஓடுபாதையை விட்டு விலகிக்கொண்டே போவார். அதைவிட மோசம், தரையை நோக்கிப் போவார். அந்தத் தவறு எங்கே இருந்தது, அதிலிருந்து நானும் என் மாணவர்களும் என்ன கற்றுக்கொண்டோம் என்பதே இந்தக் கட்டுரை.

இரண்டு அலைகளும் இரண்டு முட்களும்

வெளியே எதுவும் தெரியாதபோது ஓடுபாதைக்கு வழிகாட்டும் இந்த ஏற்பாட்டுக்குக் கருவிவழித் தரையிறக்க முறை என்று பெயர். சுருக்கமாக ஐ.எல்.எஸ். சென்னை போன்ற பெரிய விமான நிலையங்களில் இது இருக்கிறது. இந்த முறையைக் கொண்டு ஒரு பயணிகள் விமானம் முதன்முதலில் தரையிறங்கியது 1938 ஜனவரி 26 அன்று. வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் சென்ற அந்த விமானம் பனிப்புயலுக்கு நடுவே இறங்கியது.

இதன் அடிப்படையை எட்டாம் வகுப்பு மாணவருக்கும் புரியவைக்கலாம்.

ஓடுபாதையின் மறுகோடியில் ஒரு வரிசை அலைபரப்பிகள் இருக்கின்றன. இறங்க வரும் விமானத்தை நோக்கி அவை இரண்டு கற்றைகளாக வானொலி அலைகளை அனுப்புகின்றன. வரும் விமானத்தின் பார்வையில், ஓடுபாதைக்கு இடப்பக்கம் விழும் கற்றையில் 90 ஹெர்ட்ஸ் ஒலியும், வலப்பக்கம் விழும் கற்றையில் 150 ஹெர்ட்ஸ் ஒலியும் ஏற்றப்பட்டிருக்கும். நட்டநடுவில் இரண்டும் சம அளவில் இருக்கும். விமானத்தில் உள்ள ஏற்பி இரண்டையும் ஒப்பிடுகிறது. 150 ஓங்கியிருந்தால் "நாம் வலப்பக்கம் விலகியிருக்கிறோம், பாதை இடப்பக்கம் இருக்கிறது" என்று பொருள். முள் இடப்பக்கம் நகரும்.

உயரத்துக்கும் இதே ஏற்பாடு. ஓடுபாதையின் ஓரத்தில், விமானம் தரையைத் தொட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு அலைபரப்பி. சரிவுப் பாதைக்கு மேலே 90, கீழே 150. விமானம் பாதைக்குக் கீழே போய்விட்டால் கிடைமட்ட முள் மேலே ஏறும். "பாதை மேலே இருக்கிறது, ஏறு" என்று பொருள்.

விமானி நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான். முள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பாதை இருக்கிறது. இரண்டு முட்களும் நடுவில் வெட்டிக்கொண்டால் சரியான வழியில் வருகிறோம்.

இங்கே கணித ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சரிவு பொதுவாக 3 டிகிரி. டேன் 3° மதிப்பு 0.0524. அதாவது ஓடுபாதையிலிருந்து 1 கி.மீ. தொலைவில் விமானம் சுமார் 52 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 5 கி.மீ. தொலைவில் 262 மீட்டர். 10 கி.மீ. தொலைவில் 524 மீட்டர். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். "அந்த உயரத்திலிருந்து 3 டிகிரி சரிவில் இறங்கினால் கடல்மட்டத்தைத் தொட எவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்று கேட்டேன். விடை சுமார் 28.6 கி.மீ. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சாதாரண நிலை ஐ.எல்.எஸ். கொண்டு விமானி சுமார் 60 மீட்டர் உயரம் வரை இறங்கலாம். அதற்குள் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாவிட்டால் மீண்டும் மேலேறிவிட வேண்டும். போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் தாமதமான செய்திகளைப் படித்திருப்பீர்கள். கருவி இருந்தும் ஏன் காத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த எல்லைதான் விடை.

முள்ளுக்குத் தெரியாத ஒன்று

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைகீழாக யாரும் தரையிறங்குவதில்லை. சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். சாதாரண விமானங்களில் எரிபொருளும் எண்ணெயும் ஈர்ப்பு விசையை நம்பியே சரியான இடத்துக்குப் போகின்றன. சாகச விமானங்களில்தான் சிறிது நேரம் தலைகீழாகப் பறக்கத் தனி ஏற்பாடு உண்டு. எனவே இது சிந்திப்பதற்கான கேள்வி. ஆனால் சிந்தித்தால் கருவியைப் பற்றி ஓர் உண்மை வெளியே வருகிறது.

விமானம் ஓடுபாதையை நோக்கி வருகிறது. பாதைக்குச் சற்று வலப்பக்கம் விலகியிருக்கிறது. ஏற்பியில் 150 ஓங்குகிறது. முள் கருவியின் இடப்பக்கம் நகர்கிறது. இதுவரை சரி.

இப்போது அதே இடத்தில், மூக்கு அதே திசையில் இருக்க, விமானம் அரைச்சுற்று உருண்டு தலைகீழாகிறது. இடம் மாறவில்லை, எனவே ஏற்பியில் இன்னும் 150தான் ஓங்குகிறது. முள் கருவியின் இடப்பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் கருவி விமானத்தோடு சேர்ந்து புரண்டுவிட்டது. விமானியும் புரண்டுவிட்டார். அவருடைய இடக்கை இருக்கும் பக்கம் இப்போது வெளியுலகின் வலப்பக்கம். முள்ளை நம்பி அவர் தன் இடப்பக்கம் போனால், பாதையை விட்டு மேலும் வலப்பக்கம் விலகுகிறார்.

உயர முள்ளும் அப்படித்தான். விமானம் பாதைக்குக் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முள் கருவியின் மேற்பக்கம், அதாவது விமானியின் தலை இருக்கும் பக்கம் போகிறது. அவர் தலையோ தரையைப் பார்த்துத் தொங்குகிறது. முள் காட்டும் பக்கம் போனால் தரைதான்.

ஏற்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எது ஓங்கியிருக்கிறது என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. "நீ நேராக அமர்ந்திருக்கிறாய்" என்ற நம்பிக்கையில்தான் அது இடது, வலது என்று சொல்கிறது. அந்த நம்பிக்கை பொய்யானால் சரியான அளவீடே தவறான வழியைக் காட்டும்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் முதலில், "நேத்து நான் சொன்ன பதில் தப்பு" என்றேன். பிறகு இதைச் செய்து பார்த்தோம்.

ஆளுக்கொரு காகித விமானம் மடித்தோம். இடது இறக்கைக்குச் சிவப்பு, வலது இறக்கைக்குப் பச்சை நிறம் பூசினோம். உண்மையான விமானங்களின் இறக்கை நுனி விளக்குகளும் இதே நிறங்கள்தான். விமானத்தின் மேல்புறம் ஒரு சிறு அட்டையை ஒட்டி, இடப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறியும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் வரைந்தோம். பின்னால் இருந்து பார்த்தால் தெரியும்படி அட்டையை நிறுத்தி ஒட்ட வேண்டும். கரும்பலகையின் நடுவே ஒரு புள்ளி. அதுதான் ஓடுபாதை. விமானத்தைப் புள்ளிக்குச் சற்று வலப்பக்கமும் கீழேயும் பிடித்தால் இரண்டு அம்புக்குறிகளும் புள்ளியைக் காட்டும். மூக்கைக் கரும்பலகையை நோக்கியே வைத்துக்கொண்டு விமானத்தை மெல்ல உருட்டிக் கவிழ்த்தால் இரண்டு அம்புகளும் புள்ளிக்கு எதிர்ப்பக்கம் காட்டும்.

கேள்வி கேட்ட பையன் இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப முள்ளப் பாக்கறதுக்கு முன்னாடி நாம நேரா இருக்கமான்னு பாக்கணுங்க டீச்சர்" என்றான். விமானிகளின் பாடமும் அதுதான். முதலில் விமானத்தின் சாய்வு. அது சரியான பிறகு திசையும் உயரமும்.

மூன்று அரைச்சுற்றுகள்

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதே சிக்கலைத் தினமும் சந்திக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு "வலது கையைத் தூக்குங்க" என்று சொல்லி நம் வலது கையைத் தூக்கினால், பாதிப் பேர் கண்ணாடியைப் பார்ப்பது போல இடது கையைத் தூக்குவார்கள். அனுபவமுள்ள ஆசிரியர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவார், அல்லது பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நிற்பார்.

இதைச் சற்று விரித்தால் அழகான வடிவியல் கிடைக்கும். ஒருவர் அரைச்சுற்று சுற்ற மூன்று வழிகள் உண்டு.

நின்ற இடத்திலேயே திரும்பி நம்மைப் பார்த்தால் இடம்-வலம் மாறும், முன்-பின் மாறும், மேல்-கீழ் மாறாது. இது வகுப்பறை ஆசிரியரின் நிலை.

விமானம் போல உருண்டு கவிழ்ந்தால் இடம்-வலம் மாறும், மேல்-கீழ் மாறும், முன்-பின் மாறாது. இது தலைகீழ் விமானியின் நிலை.

பாதி குட்டிக்கரணம் அடித்தால் மேல்-கீழ் மாறும், முன்-பின் மாறும், இடம்-வலம் மாறாது.

ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இரண்டு மாறும், ஒன்று மாறாது. மாறாத அந்த ஒன்றுதான் சுழலும் அச்சு. ஒரு தீப்பெட்டியின் ஆறு பக்கங்களிலும் பெயர் எழுதிக் கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடல் சொல்லாதா?

"தலைகீழா இருந்தா நமக்கே தெரியாதா டீச்சர்? ரத்தம் தலைக்கு ஏறுமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அசையாமல் தலைகீழாகத் தொங்கினால் நிச்சயம் தெரியும். ஆனால் விமானம் வளைந்துகொண்டே போகும்போது உடலை நம்ப முடியாது.

இதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். பாதி நிறைந்த சிறு வாளியைத் தலைக்கு மேலே வட்டமாகச் சுழற்றினால் தண்ணீர் கொட்டுவதில்லை. வாளிக்குள் இருப்பவருக்கு "கீழே" என்பது எப்போதும் வாளியின் அடிப்பக்கம்தான். அமெரிக்க விமானி பாப் ஹூவர் விமானத்தை முழுச்சுற்று உருட்டிக்கொண்டே ஒரு கையால் கோப்பையில் தேநீர் ஊற்றிக் காட்டுவார். ஒரு சொட்டும் சிந்தாது. அந்த விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அமர்ந்திருந்தால், தலைகீழான நொடி அவருக்குத் தெரியாமலே கடந்துவிடும்.

இன்னொரு சோதனை. தலைமை ஆசிரியர் அறையிலிருந்து சுழல் நாற்காலியைக் கொண்டுவந்தோம். ஒரு மாணவனை அமரவைத்துக் கண்ணைக் கட்டி, மெதுவாக ஒரே சீராகச் சுற்றினோம். சுற்றும் திசையை அவன் கைவிரலால் காட்ட வேண்டும். முதலில் சரியாகக் காட்டினான். சிறிது நேரம் கழித்து, "நின்னு போச்சு டீச்சர்" என்றான். நாற்காலி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் நிறுத்தியதும், "இப்ப எதிர்ப்பக்கம் சுத்துது" என்றான். வகுப்பே சிரித்தது.

காரணம் உட்செவியில் இருக்கிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் திரவம் இருக்கிறது. தலை சுழலத் தொடங்கும்போது திரவம் பின்தங்குகிறது, மூளை அதைச் சுழற்சி என்று உணர்கிறது. சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். மூளை "நின்றுவிட்டது" என்று நினைக்கும். நிறுத்தும்போது திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்ப்பக்கம் சுற்றுவது போலத் தோன்றும். தலைசுற்றல், வலிப்பு உள்ள பிள்ளைகளை இந்தச் சோதனையில் அமர்த்த வேண்டாம். நாற்காலியை ஆசிரியரே பிடித்துச் சுற்ற வேண்டும்.

மேகத்துக்குள் போகும் விமானிக்கும் இதுதான் நடக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவைத்தார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார். 20 பேரும் ஆபத்தான நிலைக்குப் போனார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

பம்பரம் காட்டும் தொடுவானம்

உடலை நம்ப முடியாது. முட்களோ நாம் நேராக இருப்பதாக எண்ணிப் பேசுகின்றன. அப்படியானால் மேல் எது, கீழ் எது என்று யார் சொல்வது?

நம் பிள்ளைகள் விளையாடும் பம்பரத்தில் விடை இருக்கிறது. வேகமாகச் சுற்றும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளால் பிடித்து, சுழலவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் அது முரண்டு பிடிப்பதைக் கைகளே உணரும். இப்படிச் சுழலும் சக்கரம் ஒன்றை உள்ளே வைத்துச் செய்ததுதான் செயற்கைத் தொடுவானம் என்னும் கருவி. விமானம் எப்படிப் புரண்டாலும் உள்ளே இருக்கும் சக்கரம் தன் நிலையில் நிற்கும். முகப்பில் வானத்துக்கு நீலம், தரைக்குப் பழுப்பு. விமானம் கவிழ்ந்தால் பழுப்பு மேலே வரும். விமானிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, தன் இருக்கையை முழுவதுமாகத் துணியால் மூடிக்கொண்டு, இந்தக் கருவியையும் உயரமானியையும் வானொலி அலையையும் மட்டுமே நம்பி மேலேறி, சுற்றிவந்து, தரையிறங்கினார். கண்ணால் வெளியே பார்க்காமல் பறக்க முடியும் என்று அன்று நிரூபணமானது.

ஒரு கருவி பழுதானபோது

அந்தக் கருவியும் பழுதானால்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரமான விடை இருக்கிறது.

1978 ஜனவரி 1, இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் புறப்பட்டது. 'எம்பரர் அசோகா' என்று பெயரிடப்பட்ட அது, அந்நிறுவனத்தின் முதல் ஜம்போ விமானம். மேற்கு நோக்கி எழுந்து கடலுக்கு மேலே போனது. நகரத்து விளக்குகள் பின்னால் போய்விட்டன. முன்னால் கருத்த கடல், கருத்த வானம், நடுவே கோடு இல்லை.

விமானம் வலப்பக்கம் சற்றுத் திரும்பிவிட்டு மறுபடி நேரானது. தலைமை விமானியின் முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி மட்டும் விமானம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே இருப்பதாகக் காட்டியது. அதைச் சரிசெய்ய அவர் இடப்பக்கம் சாய்த்தார். கருவி மாறவில்லை. மேலும் சாய்த்தார். விமானம் 90 டிகிரியையும் தாண்டி, 108 டிகிரி வரை இடப்பக்கம் புரண்டு கடலில் விழுந்தது. தரையை விட்டு எழுந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பாந்த்ரா கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவு. உள்ளே இருந்த 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தலைமை விமானியின் கருவி பழுதாகியிருந்தது, விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் அறியவில்லை, மற்றக் கருவிகளைக் கொண்டு நிலைமையை மீட்க முடியாமல் போனது என்பதே விசாரணையின் முடிவு. அந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று விமானப் பொறியாளர் எச்சரிக்க முயன்றதும் குரல்பதிவில் இருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த விமானியைக் குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை என்று பிள்ளைகளிடம் கூறினேன். நீண்ட அனுபவமுள்ளவர் அவர். இருட்டில், சில விநாடிகளுக்குள், கண்முன் இருக்கும் ஒரு கருவி உறுதியாக ஒன்றைச் சொல்லும்போது அதைச் சந்தேகிப்பது எளிதன்று. அதனால்தான் விமானிகளுக்கு ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பயிற்றுகிறார்கள். கண் ஒரே கருவியில் நிற்கக் கூடாது. சாய்வு, திசை, உயரம், வேகம் என்று சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும். விமானம் உண்மையிலேயே வலப்பக்கம் சாய்ந்திருந்தால் திசைகாட்டியும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது அசையாமல் நின்றால், இரண்டில் ஒன்று பொய்.

சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி. நம்முடைய பி.எட். போல என்று வகுப்பில் சொன்னேன். "அவங்களுக்கும் பாடம் எடுக்க டீச்சர் இருக்காங்களா?" என்று பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு.

சிவப்பு மையில் போட்ட தவறுக்குறி

இங்கே என் பக்கம் வர வேண்டும்.

முந்தைய பருவத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தபோது அந்த வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரையச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் வரைந்த படத்தில் கோயில் இடப்பக்கம் இருந்தது. எங்கள் பள்ளிக்கு வடக்கே இருக்கும் குடியிருப்பிலிருந்து வருபவன் அவன். வழியில் கோயில் கிழக்குப் பக்கம், எனவே படத்தில் வலப்பக்கம் வர வேண்டும். சிவப்பு மையில் தவறுக்குறி போட்டேன். "எங்க வூட்ல இருந்து பாத்தா அப்படித்தான் வரும் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னான். "படத்துல வடக்கு மேலதான் இருக்கணும்" என்று முடித்துவிட்டேன். அதன்பிறகு என் வகுப்பில் அவன் அதிகம் பேசியதில்லை.

விமானம் தலைகீழானால் முள் என்ன ஆகும் என்று கேட்டது அவன்தான்.

காகித விமானங்களை உருட்டிப் பார்த்த அன்றுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவன் வீட்டை அடியிலும் பள்ளியை மேலேயும் வரைந்திருந்தான். தினமும் தெற்கு நோக்கி நடந்து வருகிறவன். அவன் நடக்கும் திசை படத்தில் மேலே இருக்கிறது. தெற்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம்தான் வரும். கோயில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அவன் விட்டது ஒரே ஒரு திசைக்குறி. நான் விட்டது ஒரே ஒரு கேள்வி: "நீ எந்தப் பக்கம் பார்த்து வரைஞ்ச?"

என் கையில் இருந்த விடைக்குறிப்பும் அந்த முள்ளைப் போலத்தான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்ற எண்ணத்தில் அது சரி, தவறு சொல்கிறது. தேர்வுத்தாள் என்ற ஒரு கருவியை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் நிலையை முடிவுசெய்வதும் இப்படித்தான். வாய்மொழியாகக் கேட்டால் என்ன சொல்கிறது, செய்துகாட்டச் சொன்னால் எப்படிச் செய்கிறது, படம் போட்டால் எப்படிப் போடுகிறது என்று கண் சுற்றி வர வேண்டும். இரண்டு கருவிகள் ஒத்துப்போகவில்லை என்றால், பிள்ளைக்கு மதிப்பெண் போடும் முன் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

வகுப்பில் வைத்தே அந்தத் தவறுக்குறியை அடித்துவிட்டு, படத்தின் மூலையில் தெற்கை மேலே காட்டும் திசைக்குறியை வரையச் சொன்னேன். வரைந்தான். பக்கத்தில் சரிக்குறி போட்டேன்.

அடுத்த வாரம் அவனே இரண்டு படங்கள் கொண்டுவந்தான். ஒன்று வீட்டிலிருந்து பள்ளிக்கு, இன்னொன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு. இரண்டிலும் திசைக்குறி இருந்தது. ஒன்றில் கோயில் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம்.

"ரெண்டும் சரிதானுங்களே டீச்சர்?" என்றான்.

நோட்டை அரைச்சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரி" என்றேன்.